கருக்கு கீறிய கண்ணும் தடவிப் பார்க்கும் அணுக்களும்

உடன்குடி என்றதும் எல்லோருக்கும் கருப்பட்டிதான் ஞாபகம் வரும். திருச்செந்தூருக்குப் பக்கத்தில், தேரி மணலும் பனங்காடுமாகக் கிடக்கிற ஊர். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, அதற்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டம். பதநீர் இறக்கி, காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுக்கிற கருப்பட்டியைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அதே பனையில் இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது. கருக்கு. பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரி வரிசையாக நிற்குமே, அதுதான். கையில் கீறினால் இரண்டு நாளில் ஆறிவிடும். கண்ணில் கீறினால்?

இந்தக் கேள்விக்கு நம்ம பக்கத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை, மூன்று வருடம், கருவிழிப் புண்ணோடு வந்தவர்களையெல்லாம் பரிசோதித்து ஒரு ஆய்வு செய்தார்கள். மொத்தம் 3183 புண்கள். அதில் 1095 பூஞ்சையால் வந்தவை. அதாவது மூன்றில் ஒன்றுக்கும் மேல்! அந்த 1095 பேரில் 1009 பேருக்கு, அதற்கு முன்னால் கண்ணில் ஏதாவது அடிபட்டிருந்தது. நெல் தாள், செடி, குச்சி, மண், தூசி என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். அதிகமாக அகப்பட்ட பூஞ்சை ஃபுசேரியம் (471). அடுத்தது ஆஸ்பெர்ஜில்லஸ் (286). பாதிக்கும் மேற்பட்டவர்கள் 21 முதல் 50 வயதுக்குள், உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற வயதில் இருந்தவர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூட்டம் அதிகம். ஆனி, ஆடியில் தென்காசிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று இந்தப் பக்கம் எவ்வளவு மண்ணை வாரி இறைக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த மாதக் கணக்கு ஆச்சரியமாக இருக்காது.

பூஞ்சை என்ன செய்தது என்பதை விட, நம் வெள்ளையணுக்கள் அதை எப்படிக் கண்டுபிடிக்கின்றன, கண்டுபிடித்த பிறகு என்னென்ன ரகளை செய்கின்றன என்பதுதான் இங்கே விஷயம். கொஞ்சம் நீளமான கதை. பொறுமை உள்ளவர்கள் தொடரலாம் :-)

வெள்ளையணுவுக்குக் கண் கிடையாது. அது கண்ணைக் கட்டிக்கொண்டு கையால் தடவிப் பார்க்கிற ஆள் மாதிரி. அந்தக் கைகளுக்குத்தான் ஏற்பிகள் என்று பெயர். அணுவின் மேல்தோலில் குத்திவைத்த மாதிரி நிற்கிற புரதங்கள் இவை. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொரு முனை உள்ளே இருக்கும். வெளிமுனையில் அதற்கென்று பொருந்துகிற பொருள் வந்து ஒட்டினால், உள்முனையில் ஒரு மாற்றம் நடக்கும். அங்கிருந்து அஞ்சல் ஓட்டம் மாதிரி ஒரு புரதம் இன்னொன்றைத் தட்டிவிட, கடைசியில் அணுவின் கருவுக்குள் சேதி போய், சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுத இவ்வளவு போதும்.

ஆனால் அந்தக் கைக்கு எது நண்பன், எது எதிரி என்று யார் சொல்லிக் கொடுத்தது? தடுப்பூசி போட்டு, ஒரு கிருமியைப் பார்த்து, அதை ஞாபகம் வைத்துக்கொள்கிற அணுக்கள் தனி. அவற்றுக்குத் தயாராக நாள்கள் ஆகும். கண்ணில் கருக்கு கீறிய அன்றைக்கே வேலைக்கு வருகிறவை, பிறக்கும்போதே இந்த அடையாளங்களைத் தெரிந்து வைத்திருக்கிற அணுக்கள். நியூட்ரோபில்களும், மேக்ரோபேஜ் என்கிற பெரிய விழுங்கணுக்களும் இந்த வகை. பிறவியிலேயே வருகிற நோயெதிர்ப்பு என்று சொல்வது இவற்றைத்தான்.

இந்த அணுக்களின் கதை தொடங்கியதும் ஒரு முள்ளில்தான். 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில், ரஷ்ய விலங்கியலாளர் எலி மெட்ச்னிகாஃப் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற நட்சத்திரமீன் குஞ்சுகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்து ரோஜா முள்ளை எடுத்து ஒரு குஞ்சின் உடம்பில் செருகினார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன! அந்நியப் பொருளை விழுங்கித் தீர்க்கிற அணுக்கள் உடம்பில் இருக்கின்றன என்று அவர் சொன்னதை அன்றைக்குப் பலர் ஏற்கவில்லை. 1908-ல் நோபல் கிடைத்தது. முள்ளைச் சுற்றி வந்த அணுக்கள் முள்ளை எப்படி அறிந்தன என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் எண்பது வருடம் யாரிடமும் சரியான பதில் இல்லை.

1989-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துச் சார்லஸ் ஜேன்வே ஒரு ஊகம் சொன்னார். கிருமிகளிடம் மட்டும் இருக்கிற, நம்மிடம் இல்லாத, அவை மாற்றிக்கொள்ளவும் முடியாத சில பொருள்கள் இருக்கும். அவற்றைத் தொட்டுணர்கிற ஏற்பிகள் நம் அணுக்களில் பிறவியிலேயே இருக்க வேண்டும் என்றார். அப்போது கையில் ஒரு ஏற்பிகூட இல்லை. வெறும் ஊகம்தான்.

பதில் வந்தது பழ ஈயிலிருந்து. 1980களில் ஜெர்மனியில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டின் குழு, ஈயின் கருவில் முதுகு எது வயிறு எது என்று தீர்மானிக்கிற ஒரு மரபணுவைக் கண்டுபிடித்திருந்தது. அது கெட்டுப்போன குஞ்சைப் பார்த்ததும் ஜெர்மன் மொழியில் 'பிரமாதம்!' என்ற பொருளில் 'டோல்!' என்று வியக்க, அதுவே பெயராகிவிட்டது. (விஞ்ஞானிகள் பெயர் வைக்கிற அழகு இப்படி.) 1996-ல் பிரான்சில் ப்ரூனோ லெமைத்ர், ஜூல் ஹாஃப்மான் குழுவினர், டோல் வேலை செய்யாத ஈக்களுக்குள் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையைச் செலுத்திப் பார்த்தார்கள். ஈக்கள் செத்தன. அந்த ஆய்வில் வந்த ஒரு படம் புகழ்பெற்றது. செத்த ஈயின் உடம்பு முழுக்கப் பூஞ்சை இழைகள், ரோமம் முளைத்த மாதிரி. முதுகு வயிறு பார்த்துக்கொண்டிருந்த அதே புரதம்தான், வளர்ந்த ஈயைப் பூஞ்சையிடமிருந்து காப்பாற்றிக்கொண்டும் இருந்திருக்கிறது!

அடுத்த வருடமே ஜேன்வேயும் ருஸ்லான் மெத்சித்தோவும் மனிதனிடமும் டோல் மாதிரி ஒன்று இருப்பதைக் காட்டினார்கள். 1998-ல் புரூஸ் பாய்ட்லர், எலிகளை வைத்து, டி.எல்.ஆர்-4 என்ற ஏற்பிதான் ஒருவகைப் பாக்டீரியாக்களின் மேலுறைக் கொழுப்பை அடையாளம் காண்கிறது என்று நிறுவினார். மனிதனிடம் இந்த 'டோல் போன்ற ஏற்பிகள்' மொத்தம் பத்து. சில அணுவின் மேற்பரப்பில் நிற்கும், சில உள்ளே பைகளுக்குள் இருந்துகொண்டு விழுங்கப்பட்டதைச் சோதிக்கும். 2011-ல் ஹாஃப்மானுக்கும் பாய்ட்லருக்கும் நோபல். அந்தப் பரிசில் மூன்றாவது ஆளான ரால்ஃப் ஸ்டைன்மன், அறிவிப்புக்கு மூன்று நாள் முன்னால் இறந்துபோயிருந்தார். ஜேன்வே 2003-லேயே காலமாகிவிட்டார்.

சரி, நம்ம கருக்குக்கு வருவோம்.

பனையேறி ஒருவர் மரத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாளை சீவிவிட்டு இறங்கும்போது காற்றில் ஒரு காய்ந்த ஓலை அசைந்து கண்ணில் உரசுகிறது. கண்ணைக் கசக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். கருவிழியின் மொத்தக் கனமே அரை மில்லிமீட்டர்தான். அதன் மேல்தோல் ஐந்து முதல் ஏழு அடுக்கு அணுக்கள். அந்த அடுக்கு முழுசாக இருக்கிறவரை பூஞ்சை வித்து உள்ளே போகாது, கண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும். கீறல் விழுந்தால் கதவு திறந்த மாதிரி. ஆஸ்பெர்ஜில்லஸ் வித்து, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்கு அளவுதான். ஃபுசேரியத்தின் பெரிய வித்துகள், நம்பினால் நம்புங்கள், அரிவாள் வடிவத்தில் இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் வெளிச்சம் உள்ளே போகாதே! ஆகவே அங்கே வெள்ளையணுப் படை எப்போதும் முகாமிட்டிருக்காது. சில மேக்ரோபேஜ்களும் அவற்றின் உறவுக்காரர்களும்தான் காவலுக்கு. அவை தடவிப் பார்த்துச் சொன்னால்தான் வெள்ளைவிழியின் ஓரத்து இரத்தக் குழாயிலிருந்து நியூட்ரோபில்கள் கிளம்பும். எல்லாமே அந்த முதல் தடவலில் இருக்கிறது.

எதைத் தடவுகின்றன? சர்க்கரையை! பூஞ்சையின் உடம்பைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. அதில் பெரும்பகுதி சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றில் முக்கியமானது பீட்டா-குளுக்கான். அரிசி மாவிலும் குளுக்கோஸ்தான் கோத்திருக்கிறது, இதிலும் குளுக்கோஸ்தான். கோத்த விதம் மட்டும் வேறு. பூஞ்சைச் சுவரில் இருக்கிற விதத்தில் குளுக்கோஸைக் கோக்கிற அணு நம் உடம்பில் ஒன்றுகூடக் கிடையாது. எனவே கைக்கு இது பட்டால் அந்நியன்தான், சந்தேகமே வேண்டாம்.

உடன்குடிக்காரர்களுக்கு இந்தச் சுவர் வேறு வழியில் அறிமுகம். பதநீர்க் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவது எதற்கு? தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் இருக்கிற ஈஸ்ட் உள்ளே புகுந்து, விடியுமுன் பதநீரைக் கள்ளாக்கிவிடும். ஈஸ்ட்டும் பூஞ்சை இனம்தான். அதன் சுவரிலும் இதே பீட்டா-குளுக்கான். ஈஸ்ட் சுவரைப் பிரித்தெடுத்துச் சைமோசான் என்று ஒரு தூள் செய்வார்கள். ஆய்வகங்களில் வெள்ளையணுக்களை உசுப்பிவிட அதைத்தான் வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். தூளைப் போட்டதும் அணுக்கள் பாய்ந்து விழுங்கும். எந்தக் கையால் பிடிக்கின்றன என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. 2001-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் பிரவுனும் சைமன் கார்டனும் அந்தக் கையைப் பிடித்தார்கள். பெயர் டெக்டின்-1. மேக்ரோபேஜிலும் நியூட்ரோபில்லிலும் மேற்பரப்பில் நிற்கிற ஏற்பி.

டெக்டின்-1 ஒரு விஷயத்தில் மகா கெட்டிக்காரன். பீட்டா-குளுக்கான் தண்ணீரில் கரைந்து மிதந்து வந்தாலும் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கூச்சல் போடாது. சுவரோடு சுவராக, முழு ஈஸ்ட்டாகவோ துகளாகவோ வந்தால்தான் கூச்சல். இது எப்படி என்று 2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏற்பிகளுக்கு நடுவே, அவற்றின் சேதியை அழித்துக்கொண்டே இருக்கிற வேறு புரதங்களும் அணுவின் தோலில் நிற்கின்றன. துகள் வந்து அணுவோடு நெருக்கமாக ஒட்டும்போது, அந்த இடத்திலிருந்து இந்த அழிப்பான்கள் ஓரமாகத் தள்ளப்பட்டுவிடுகின்றன. டெக்டின்-1 மட்டும் மிஞ்சும். சேதி தங்கும். எங்கேயோ கிடக்கிற பூஞ்சையிலிருந்து உதிர்ந்த தூளுக்கும், பக்கத்தில் வந்து நிற்கிற பூஞ்சைக்கும் வித்தியாசம் தெரிவது இப்படித்தான். மூளையே இல்லாத ஒரு அணுவுக்கு இது போதாதா?

பூஞ்சை மட்டும் இளிச்சவாயா என்ன. ஆஸ்பெர்ஜில்லஸ் வித்தின் மேல் மழைச்சட்டை மாதிரி ஒரு புரதப் போர்வை இருக்கிறது. தண்ணீர் ஒட்டாது. அந்தப் போர்வை இருக்கிறவரை உள்ளே இருக்கிற சர்க்கரை வெளியே தெரியாது. 2009-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் விஷுகுமார் ஐமனியாண்டாவும் சக ஆய்வாளர்களும் இதை நிரூபித்தார்கள். போர்வை போர்த்திய வித்துக்கு நோயெதிர்ப்பு அணுக்கள் அசையவே இல்லை. போர்வையை நீக்கியதும் உசும்பிக்கொண்டன. நாம் ஒவ்வொரு மூச்சிலும் பூஞ்சை வித்துகளை இழுத்துக்கொண்டும் நுரையீரல் எப்போதும் வீங்கிக் கிடக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இரண்டு பக்கத்துக்கும் ஆதாயம் என்று சொல்லலாம்.

ஆனால் வித்து முளைத்தாக வேண்டுமே. முளைக்கும்போது ஊதும், போர்வை கிழியும், சர்க்கரைச் சுவர் வெளியே வரும். கீறலுக்கும் சிவப்புக்கும் நடுவில் பலருக்குச் சில நாள் இடைவெளி இருப்பதில் இந்த முளைக்கும் நேரத்துக்கும் பங்கு உண்டு. 'அன்னைக்குச் சும்மா உறுத்துச்சு, இப்பத்தான் சிவக்குது' என்று ஆள் சொல்வதற்குள், உள்ளே இழை விட்டுப் பரவத் தொடங்கியிருக்கும்.

இப்போது மேக்ரோபேஜின் கையில் சுவர் தட்டுப்படுகிறது. அடுத்து நடப்பதை அமெரிக்காவில் எரிக் பேர்ல்மன் ஆய்வகத்தார் 2010-ல் எலியின் கருவிழியில் ஆஸ்பெர்ஜில்லஸை வைத்துப் பிரித்துக் காட்டினார்கள். டெக்டின்-1 இல்லாத எலியில், படையைக் கூப்பிடுகிற சேதிப் புரதங்கள் குறைந்தன. நியூட்ரோபில்கள் குறைவாகவே வந்து சேர்ந்தன. டி.எல்.ஆர்-4 இல்லாத எலியில், நியூட்ரோபில்கள் வழக்கம்போல வந்தன. ஆனால் பூஞ்சையைச் சரியாகக் கொல்லவில்லை! ஒரு ஏற்பி ஆளைக் கூப்பிடுகிறது, இன்னொன்று வந்த ஆளை வேலை செய்ய வைக்கிறது. ஏற்பி என்றால் சாவியும் பூட்டும் என்று படித்துவிட்டுப் போகிற நமக்கு, ஒரே எதிரிக்கு இரண்டு கை வேண்டியிருக்கிறது என்பது புதுசுதான்.

எலிக்குச் சரி, மனுசனுக்கு? மதுரை அரவிந்தில் மருத்துவர்கள் லலிதா பிரஜ்னா, வெங்கடேஷ் பிரஜ்னா ஆகியோரும், கார்த்திகேயன் என்ற ஆய்வாளரும், பேர்ல்மனோடு சேர்ந்து 2011-ல் அதைப் பார்த்தார்கள். பூஞ்சைப் புண் முற்றி, கருவிழி மாற்று அறுவை செய்ய வேண்டிவந்தவர்களின் கண்ணிலிருந்து எடுத்த திசுவைத்தான் சோதித்தார்கள். அதாவது, நம்ம ஊர் விவசாயிகளின், கூலியாள்களின் கருவிழிகள். அதில் குவிந்திருந்தவற்றில் பெரும்பான்மை நியூட்ரோபில்கள். டெக்டின்-1, டி.எல்.ஆர்-2, டி.எல்.ஆர்-4 எல்லாமே அதிகமாகியிருந்தன. படையைக் கூப்பிடுகிற சேதிப் புரதங்களும் அப்படியே. ஃபுசேரியமோ ஆஸ்பெர்ஜில்லஸோ, காட்சி ஒரே மாதிரிதான்.

ஏற்பிகள் தூங்கவில்லை. நன்றாகவே வேலை செய்திருக்கின்றன. அப்படியும் அந்தக் கண்கள் அறுவை அறைக்கு வந்திருக்கின்றன.

ஏன்? நியூட்ரோபில் நாசூக்காகச் சண்டை போடத் தெரியாத அணு. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் அதைச் செய்து தள்ளுகிறது, அதுவும் கொஞ்ச காலமே வாழ்கிறது. பூஞ்சை இழை நீளமானது, விழுங்க முடியாது. ஆகவே தன்னிடமுள்ள அமிலம் போன்ற ஆக்சிஜன் பொருள்களையும், புரதத்தைக் கரைக்கிற நொதிகளையும் வெளியே கொட்டும். பூஞ்சை சாகும். கூடவே கருவிழியின் கொலாஜன் நார்களும் கரையும். கருவிழி தெளிவாக இருப்பதே அந்த நார்கள் பிசகாமல் அடுக்கியிருப்பதால்தான். அடுக்கு கலைந்து ஆறும்போது வெள்ளைத் தழும்பு. 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று ஊரில் சொல்வது இதைத்தான். கருவிழிக்குப் பின்னால் வெள்ளையாகச் சீழ் தேங்கி நிற்குமே, அதிலும் நிறைந்திருப்பது பெரும்பாலும் நம் அணுக்கள்தான். சிவப்பு, வலி, சீழ் எல்லாம் நம்ம ஆள்கள் செய்த வேலை. பூஞ்சை ஏறக்குறைய சத்தமில்லாத பேர்வழி.

இந்த இடம் புரிந்தால் அடுத்த ஆபத்து தானாகப் புரியும். கண் சிவந்ததும் பலர் செய்வது, மருந்துக் கடையில் 'கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க' என்று கேட்பது. சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஸ்டீராய்டு என்ன செய்கிறது? அதற்கும் ஒரு ஏற்பி உண்டு, ஆனால் அணுவின் மேற்பரப்பில் இல்லை, உள்ளே. அதைப் பிடித்துக்கொண்டு கருவுக்குள் போய், டெக்டினும் டோலும் அனுப்பிய சேதியை அங்கே அமுக்கிவிடும். மேலே கை தடவிக்கொண்டுதான் இருக்கிறது, பூஞ்சை தட்டுப்படுகிறது, சேதியும் கிளம்புகிறது. ஆனால் கேட்க ஆளில்லை. படை வராது. இரண்டு நாளில் சிவப்பு குறையும், வலி குறையும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. 'நல்ல மருந்து' என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு போகும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் இழை விட்டுக்கொண்டிருக்கும்.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்றும் சொல்லக் கூடாது. பாக்டீரியாப் புண்ணில் அதைச் சேர்த்தால் பலன் உண்டா என்று அரவிந்த் மருத்துவமனைகளும் இரண்டு அமெரிக்க மையங்களும் சேர்ந்து 500 பேரிடம் சோதித்து 2012-ல் முடிவு சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பார்வையில் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை. ஆனால் அங்கே எல்லோருக்கும் முதலில் கிருமியைக் கொல்கிற மருந்து போய்க்கொண்டிருந்தது, எந்தக் கிருமி என்றும் தெரிந்திருந்தது. கடையில் வாங்கி ஊற்றுகிறவருக்கு இரண்டுமே கிடையாது. சிவப்பைப் பார்த்துப் பாக்டீரியாவா பூஞ்சையா என்று சொல்வது மருத்துவருக்கே கஷ்டம். புண்ணை லேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் இழை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். திருநெல்வேலி ஆய்வில் இந்தச் சின்னச் சோதனை, பூஞ்சைப் புண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கண்டுபிடித்தது. செலவும் அதிகமில்லை, நேரமும் அதிகமில்லை.

தாய்ப்பால் பீய்ச்சுவது, இலைச்சாறு பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது பற்றி ஒரு வரி போதும். திறந்த புண்ணுக்குள் இன்னும் கொஞ்சம் வித்தை வரவழைக்கிற வேலை.

மருந்துக்கு வருவோம். நேட்டமைசின் என்று ஒரு சொட்டு மருந்து, பழசு. வோரிகோனசோல் புதுசு, விலை கூடினது, அதுதான் உசத்தியாக இருக்கும் என்று பலர் நினைத்தார்கள். 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு அரவிந்தில் நடந்து, 2013-ல் முடிவு வெளியானது. ஜெயித்தது பழசு! முக்கியமாக ஃபுசேரியம் புண்களில். நேட்டமைசினும் ஒருவகையில் ஏற்பி மாதிரிதான் ஆளை அடையாளம் காண்கிறது. நம் அணுச்சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டிரால் என்ற வேறொரு பொருள். மருந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. டெக்டின் சுவரைப் பிடிக்கிறது, மருந்து சுவருக்கு உள்ளே இருக்கிற தோலைப் பிடிக்கிறது. ஆனால் அது கருவிழிக்குள் ஆழமாக இறங்காது. இழை ஆழத்துக்குப் போய்விட்டால் மணிக்கொரு தரம் ஊற்றினாலும் எட்டுவது கஷ்டம். சீக்கிரம் வந்தவருக்கும் பத்து நாள் கழித்து வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் பாதி இங்கேதான்.

2015-ல் வந்த இன்னொரு மதுரை ஆய்வு இன்னும் சுவாரசியம். பூஞ்சைப் புண் வந்தவர்களின் இரத்தத்தில் இருந்த நியூட்ரோபில்களில் ஐ.எல்-17 என்ற சேதிப் புரதம் அதிகமாக இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கண்ணில் ஒரு கோளாறும் இல்லாத தென்தமிழ்நாட்டு ஆள்களின் நியூட்ரோபில்களிலும், வட அமெரிக்கர்களோடு ஒப்பிட்டால், அது அதிகமாகவே இருந்தது. வருடம் முழுக்கப் பூஞ்சை வித்து கலந்த காற்றைச் சுவாசிக்கிற உடம்பு என்பதால் இருக்கலாம். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பார்கள். பனங்காட்டு நியூட்ரோபில் சலசலப்புக்கு முன்னாலேயே அரிவாளைத் தீட்டி வைத்திருக்கிறது!

இத்தனை ஏற்பிகளையும் வேலை வாங்காமலேயே கண்ணைக் காப்பாற்ற முடியுமா என்று மதுரை மாவட்டக் கிராமங்களில் ஒரு முயற்சி நடந்தது. 2006-ல் முடிவு வெளிவந்தது. கிராமத்திலேயே சுகாதாரத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணில் அடிபட்டால் உடனே வந்து காட்டச் சொன்னார்கள். கருவிழியில் கீறல் இருந்த 374 பேருக்கு மூன்று நாள் களிம்பு. ஒரு பாதிப் பேருக்குப் பாக்டீரியா மருந்தோடு பூஞ்சை மருந்தும், மறுபாதிக்குப் பாக்டீரியா மருந்தோடு வெறும் களிம்பும். பூஞ்சை மருந்து போட்டவர்களுக்கு மட்டும்தான் தப்பும் என்று நினைப்போம், இல்லையா? இரண்டு பக்கமும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஆறிவிட்டது. 374-ல் 368 பேருக்கு ஒரு சிக்கலும் இல்லை. பூஞ்சை மருந்து இல்லாத பக்கத்தில் இரண்டே பேருக்குக் கருவிழியில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. அதுவும் நேட்டமைசின் ஊற்றி ஒரு வாரத்தில் போய்விட்டது. மேல்தோல் அடுக்கு ஒன்றிரண்டு நாளில் மூடிக்கொள்கிறது, வித்துக்கு முளைக்க இடம் கிடைப்பதில்லை. அந்தத் தொண்டர்கள் கையில் இருந்தது ஒரு டார்ச் விளக்கும், கீறல் இருந்தால் பச்சையாக ஒளிர்கிற ஃப்ளோரசின் சாயத் தாளும், ஒரு களிம்புக் குழாயும்தான்.